காய்ந்த மாதிரி தெரியும் தரை

கட்டடத்துக்குள் கடைசியாக நுழைகிறவர்களில் டைல்ஸ் ஒட்டுபவனும் ஒருவன். முன்னால் வந்தவர்கள் இழுத்தடித்த நாளெல்லாம் அவன் தலையில்தான் விடியும். சாதாரணத் தரை என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். தரையைச் சூடாக்க அடியில் சுடுநீர்க் குழாய் ஓடுகிற புது ஸ்க்ரீட்டில், அதாவது டைல்ஸுக்குக் கீழே மட்டமாகப் போடும் கலவைத் தளத்தில், சமாளிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் இந்த மாதிரி வேலைக்குக் கூப்பிட்டால் டைல்ஸின் அளவையும் நிறத்தையும் நான் முதலில் விசாரிப்பதில்லை. ஸ்க்ரீட் எந்தத் தேதியில் போட்டது, எவ்வளவு கனம், சிமென்டா ஜிப்சமா, சூடு ஏற்றி இறக்கிய பதிவுத்தாள் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "போட்டு ரொம்ப நாளாச்சு மேஸ்திரி, நல்லா காஞ்சிருக்கு."

மேல்பரப்பைப் பார்த்துச் சொல்கிற பேச்சு அது. சிமென்ட் ஸ்க்ரீட் மேலிருந்து கீழாகத்தான் காயும். முதல் 40, 50 மி.மீ. வரை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது தோராயக் கணக்கு. அதற்குக் கீழே இன்னும் மெதுவாகும். குழாயை மூடிப் போடுகிற ஸ்க்ரீட் 65, 75 மி.மீ. கனம் வரும். தானாகக் காயவிட்டால் மூன்று மாதத்துக்கு மேலேயே ஆகலாம். மேலே வெளுத்திருக்கும், அடியில் ஈரம் அப்படியே கிடக்கும்.

"டைல்ஸை ஒட்டிட்டு அப்புறம் சூடு போட்டா காயாதா?" என்று ஒரு சைட் இன்ஜினியர் கேட்டார். காயும் சார், ஆனால் ஈரம் மேலே வர வழி தேடும், ஸ்க்ரீட் சுருங்கும், இரண்டுக்கும் நடுவில் பசை மாட்டிக்கொள்ளும் என்றேன். முதல் சூட்டில் விட வேண்டிய விரிசலை டைல்ஸுக்கு முன்னாலேயே விட்டுவிடுவதுதான் தரைக்கு நல்லது. சிமென்ட் ஸ்க்ரீட் போட்டு 21 நாள் கழித்துத்தான் சூட்டையே தொடங்கலாம். 25 டிகிரி தண்ணீரை மூன்று நாள் ஓடவிட்டு, பிறகு அந்த அமைப்புக்கு வகுத்த உச்ச வெப்பத்துக்கு ஏற்றி நான்கு நாள் வைத்து, மெல்ல இறக்க வேண்டும். இதைச் செய்தாயிற்று என்பதற்காகத் தரை காய்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளப்பதற்கு கார்பைடு பாட்டில்தான் எனக்குத் திருப்தி. உளியால் ஸ்க்ரீட்டின் ஆழத்திலிருந்து கொஞ்சம் பெயர்த்து, இரும்புச் சட்டியில் நுணுக்கி, 50 கிராம் எடைபோட்டு எஃகு பாட்டிலில் போடுவோம். கூடவே இரும்புக் குண்டுகளும் கார்பைடு அடைத்த கண்ணாடிக் குப்பியும். மூடிக் குலுக்கினால் குப்பி உடைந்து, ஈரத்தோடு கார்பைடு சேர்ந்து வாயு கிளம்பும். மூடியில் உள்ள மானியின் முள் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஈரம். சூடாக்கும் சிமென்ட் தரையில் 1.8 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நான் கரணையைத் தொடுவதில்லை. ஜிப்சம் ஸ்க்ரீட்டுக்கு 0.3.

உளி போடுகிற இடத்தில் குழாய் இருக்கக் கூடாது என்பதுதான் இதில் வயிற்றைக் கலக்குகிற சங்கதி. சோதனைக்கென்று குழாய் போகாத இடங்களை விட்டு அடையாளம் வைப்பது முறை. ஒரு வேலையில் அடையாளக் குச்சிகளை ஸ்க்ரீட் போட்டவர்களே பிடுங்கிப் போட்டிருந்தார்கள். குழாய் பதித்த பையன் செல்போனில் எடுத்து வைத்திருந்த படங்களை வைத்து, சுவரிலிருந்து அளந்து, அப்புறம்தான் தட்டினோம்.

ஜிப்சம் தரையில் இன்னொரு தலைவலி உண்டு. மேலே படிந்திருக்கும் மெல்லிய ஏட்டைத் தேய்த்தெடுத்து, தூசி உறிஞ்சி, ப்ரைமர் அடிக்காமல் சிமென்ட் பசை போட்டால், ஈரம் பட்டதும் சிமென்டும் ஜிப்சமும் வினைபுரிந்து உப்பும். பிறகு டைல்ஸ் சுலபமாகக் கையோடு வரும். அதன் முதுகில் பசை முழுசாக இருக்கும். தரையில் வெள்ளைப் பொடிதான் மிச்சம். பசை மட்டம் என்று எல்லோரும் திட்டுவார்கள், பாவம் பசை.

இடைவெளி விஷயத்தில்தான் அதிகம் சண்டை. 8 மீட்டர் ஸ்க்ரீட் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்பார்கள். நீள இடமில்லாவிட்டால் அந்த இரண்டு மில்லிமீட்டரே டைல்ஸைக் கூடாரம் மாதிரி தூக்கிவிடும். சுவரோரம் நிற்கும் ஃபோம் பட்டையை, டைல்ஸ் சந்துகளை நிரப்பும் க்ரௌட் வேலை முடியும்வரை வெட்டக் கூடாது. ஆனால் அழகாக இல்லை என்று யாராவது முன்கூட்டியே சீவிவிடுவார்கள். வாசற்படியில் ஸ்க்ரீட்டுக்கு விட்ட இடைவெளி டைல்ஸ் வழியாகவும் மேலே வந்தாக வேண்டும். ஒரு வீட்டுக்கார அம்மாவுக்கு டிசைன் இரண்டு அறைக்கும் வெட்டில்லாமல் ஓட வேண்டும் என்று ஆசை. நான் அறையின் நடுவை விட்டுவிட்டு வாசலிலிருந்தே கணக்கைத் தொடங்கினேன். டைல்ஸின் சந்து சரியாக ஸ்க்ரீட் இடைவெளிமேல் விழுந்தது. க்ரௌட் நிறத்திலேயே சிலிகான் கொடுத்ததும் அந்த அம்மா தேடிப்பார்த்துதான் கண்டுபிடித்தார்கள். சுவரோரத் துண்டுகள் கொஞ்சம் சிறுத்துப்போயின, அது சோபாவுக்கு அடியில் போய்விடும்.

ஒட்டுகிற வேலை இதற்கெல்லாம் பிறகு சுலபம்தான். சூட்டை அணைத்துத் தரையை ஆறவிட வேண்டும், இல்லையென்றால் பசை பரப்பியதுமே ஏடு கட்டிவிடும். வளைந்து கொடுக்கும் எஸ்-1 வகைப் பசை, தரையிலும் டைல்ஸின் முதுகிலும். அவ்வப்போது ஒன்றைப் பெயர்த்து முதுகைப் பார்த்துக்கொள்வேன். காற்றுப் பை இருந்தால் அந்த இடத்தில் சூடும் ஏறாது, பிடிப்பும் இருக்காது.

முடிந்த அன்றைக்கே வெறுங்காலோடு சூட்டை அனுபவிக்க வீட்டுக்காரர்களுக்கு ஆசை வரும். பசைப் பையில் போட்டிருக்கும் நாள்வரை பொறுத்து, பிறகு தினம் சில டிகிரியாக ஏற்றச் சொல்வேன். அவர்களை விட ப்ளம்பரிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாய்லரைச் சோதிக்க வருகிறவர் முழுச் சூட்டில் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதனால் திறக்கக் கூடிய தேதியை எழுதி, தெர்மோஸ்டாட்டின் மேலேயும் குழாய் வால்வுப் பெட்டியின் கதவிலும் டேப் ஒட்டிவிட்டுத்தான் சாமான்களைக் கட்டுகிறேன்.