நிலுவை: 8.195

நவம்பர் 9, ஞாயிறு

தெப்பக்குளத்தைப் பத்து முறை சுற்றினேன். கடிகாரத்தில் பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தீபாவளி விற்பனை, அதற்குப் பிறகு சரக்குக் கணக்கு என்று ஒரு மாதம் கடையிலேயே இரவு பதினொன்று ஆகிவிட்டது. இன்று ஆறாவது சுற்றில்தான் மூச்சு காலோடு சேர்ந்தது. அனுப்பானடி அண்ணன் என்னைக் கடக்கும்போதெல்லாம் "தோளை இறக்கு தம்பி" என்றார். நான்கு முறை கடந்தார். நான்கு முறையும் என் தோள் காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ஜனவரி 11 மாரத்தானுக்கு ஒன்பது வாரங்கள்.

நவம்பர் 11

மழை.

நவம்பர் 12

மழை. விளக்கேற்ற அம்மா கூப்பிட்டார். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

விரகனூர் சுற்றுச்சாலையில் 20. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம். ஒரு நொடிகூட வேகத்தைக் கூட்டவில்லை. இதைத்தான் போன ஆண்டு செய்யத் தவறினேன். முதல் பத்து கிலோமீட்டரை 54 நிமிடங்களில் ஓடினேன். கூட்டம் இழுத்தது, இருட்டு குளிர்ச்சியாக இருந்தது, கால் கேட்டபடியெல்லாம் போனது. தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் வரைதான் தாங்கும். தொடக்கத்தில் வேகமாக ஓடுகிறவன் அதை இன்னும் சீக்கிரம் எரித்துவிடுகிறான். அதற்குப் பிறகு கொழுப்புதான் எரிய வேண்டும், அது மெதுவாகத்தான் எரியும். இதையெல்லாம் அப்போதே படித்திருந்தேன். கடையில் ஒரு ரூபாய் பிசகினால் இரவு முழுக்க உட்கார்ந்து தேடுகிறவன் நான்.

34-ஆவது கிலோமீட்டர்ப் பலகை நீல நிறம். அதன் ஒரு மூலை மடங்கியிருந்தது.

நவம்பர் 19

இடது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. அரை அளவு பெரிய ஷூ வாங்க வேண்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

24. கடலைமிட்டாய் இரண்டு, பேரீச்சம்பழம் நான்கு, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். வயிறு ஏற்றுக்கொண்டது. திரும்பி வந்து நீராகாரமும் சின்ன வெங்காயமும். இதைவிடச் சிறந்த உணவு உலகத்தில் இருக்க முடியாது.

நவம்பர் 27

தூக்கம் வரவில்லை. மறுபடியும் அந்த அமெரிக்கனைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ஃபிரெட் லோர்ஸ். 1904, செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக். ஒன்பதாவது மைலில் தசை பிடித்துக்கொள்ள, காரில் ஏறிப் பதினொரு மைல் போனார். கார் பழுதானதும் இறங்கி, மீதியை ஓடி விளையாட்டரங்கத்துக்குள் நுழைந்தார். முதலாவது வந்தவர் என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. சற்று நேரத்தில் உண்மை வெளிப்பட்டது. வேடிக்கைக்காகச் செய்தேன் என்றார். தடை விதித்தார்கள், பிறகு நீக்கினார்கள். மறு ஆண்டு, 1905-இல், பாஸ்டன் மாரத்தானில் அவரே முதலாவது வந்தார், முழுத் தூரத்தையும் தன் காலால் ஓடி.

அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். அதன் பிறகுதான் பாஸ்டன்.

நவம்பர் 30, ஞாயிறு

27. கடைசி மூன்றில் பாதம் தரையில் விழும் சத்தம் மாறியது. இடது கால் தட்டையாக விழுகிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

20 மட்டும். கால்களுக்கு ஒரு வாரம் இளைப்பாறல் என்பது அண்ணனின் உத்தரவு. அவர் ஒன்பது மாரத்தான் ஓடியவர். ஓய்வு பெற்ற பிறகுதான் தொடங்கினார். ஷிவ்நாத் சிங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். 1978, ஜலந்தர், 2 மணி 12 நிமிடம். "நாம் இருவரும் பாதித் தூரம்கூட ஓடியிருக்க மாட்டோம் தம்பி, அந்த மனிதர் முடித்துவிட்டுத் துண்டைப் போர்த்தியிருப்பார்." சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

32. பயிற்சியில் புதிய தூரம். அழகர்கோயில் சாலையில் அண்ணனோடு. அப்பன்திருப்பதி தாண்டியதும் திரும்பிவிடலாம் என்றேன். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு வாசலைத் தொடாமல் திரும்புவதா?" என்று கேட்டார். இன்றைக்குக் கணக்கு 32தான், கூடினால் முழங்காலுக்கு ஆகாது என்றேன். அது உண்மைதான். ஆனால் அதற்காகத் திரும்பவில்லை.

பதினெட்டாம்படிக் கருப்பசாமி முன்னால் நிற்க எனக்குத் துணிவில்லை. சாத்திய கதவுதான், சந்தனம் பூசிய கதவு. கடன் வழக்கு, வரப்பு வழக்கு என்று நீதிமன்றத்தில் தீராததை அந்தக் கதவின் முன் சத்தியம் செய்து தீர்த்துக்கொண்ட ஊர் இது. சித்திரையில் அழகர் புறப்படும்போது நகைக் கணக்கை அங்கேதான் வாசிக்கிறார்கள். திரும்பி வந்ததும் மறுபடி வாசிக்கிறார்கள். சாமியே கணக்குக் காட்டுகிற இடம்.

டிசம்பர் 18

மார்கழி. நாலரை மணிக்கே தெருக்களில் கோலம், ஒலிபெருக்கியில் திருப்பாவை. கோலங்களை மிதிக்காமல் வளைந்து வளைந்து ஓடியதில் வழக்கமான பத்து இன்று பத்தேகால் ஆனது. பூசணிப்பூ வைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "யாரும் துரத்துகிறார்களா அப்பா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். இல்லை பாட்டி என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

30. 7:05, 7:02, 7:04. இப்படி ஓடினால் ஐந்து மணி நேரத்தில் முடிப்பேன்.

டிசம்பர் 29

ஓட்டத்தைக் குறைக்கும் வாரங்கள். உடம்பில் எங்கெங்கோ வலி தோன்றி மறைகிறது. காலையில் அம்மா பதக்கத்துக்கும் சேர்த்துச் சந்தனப் பொட்டு வைத்ததைப் பார்த்தேன். முருகன் படத்துக்கு, அப்பா படத்துக்கு, பிறகு அதற்கு.

ஜனவரி 5

102.

ஜனவரி 6

102.4. டெங்கு இல்லை. காய்ச்சலோடும், காய்ச்சல் விட்ட உடனேயும் நீண்ட தூரம் ஓடினால் இதயத் தசையில் அழற்சி வரலாம் என்றார் டாக்டர். "எத்தனை நாள் கழித்து?" என்று மூன்று விதமாகக் கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்.

ஜனவரி 8

ரயில் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

நான்கு மணிக்கு விழித்துக்கொண்டேன். ஒன்பதரை வரை படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 15

பொங்கல். அவனியாபுரத்தில் மாடு அவிழ்க்கிறார்கள் என்று தெருவே கிளம்பிப் போனது. நான் மொட்டை மாடியில் மெதுவாக நடந்தேன். நாற்பது சுற்று.

ஜனவரி 20

42.195. மாரத்தான் தூரத்துக்கு இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை எத்தனையோ முறை படித்தாகிவிட்டது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பத்தாரின் இருக்கைக்கு முன் முடியும்படி வைத்த தூரம். 1921-இல் அதுவே விதியானது. அதில் 34-ஐக் கழித்தால் 8.195. பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கணக்கு என்று கடையில் யாரும் கேட்டதில்லை.

ஜனவரி 23

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். போன ஆண்டு நான் ஓடி முடிக்கவில்லை அம்மா, 34-இல் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன, ஓரமாக உட்கார்ந்துவிட்டேன், பின்னால் வந்த வேனில் ஏற்றிக்கொண்டார்கள், முடிவிடத்தில் இறக்கிவிட்டபோது ஒரு சின்னப் பெண் சிரித்துக்கொண்டே கழுத்தில் மாட்டிவிட்டாள், நான் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் மேல் தப்பில்லை. அந்த நெரிசலில் அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். இரண்டு நொடி இருந்தது, வேண்டாம் என்று சொல்ல.

அம்மா வெகுநேரம் கழித்து, "வேனில் வேறு யார் இருந்தார்கள்?" என்று கேட்டார்.

அழுதுகொண்டே வந்த ஒரு பெண். அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர்.

"அவர்களுக்கும் மாட்டினார்களா?"

பெரியவர் கழற்றிக் கொடுத்துவிட்டார் அம்மா.

இதை இதுவரை எங்கேயும் எழுதவில்லை. அவர் கழற்றிக் கொடுத்ததைப் பார்த்த பிறகும் நான் அப்படியே நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

அம்மா கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாலையில் வழக்கம்போலவே பொட்டு இருந்தது. முருகனுக்கு, அப்பாவுக்கு, அதற்கு.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். தெப்பம் பார்க்க வந்த கூட்டத்தில் அண்ணனைப் பார்த்தேன். பிப்ரவரி 22 அன்று வீட்டிலிருந்து அழகர்கோயில் போய்த் திரும்பப் போகிறேன் என்றேன். மதுரைக்கும் கோயிலுக்கும் 21 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தது. போகவர ஒரு மாரத்தான். நேரம் குறிப்பார் இல்லை, பதக்கம் இல்லை, எதற்கு என்று கேட்டார். ஓட வேண்டும் என்றேன். தெப்பம் இரண்டு சுற்று வரும்வரை பேசவில்லை. பிறகு, "வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். மூன்று மணிக்குக் கிளம்பு. நான் சைக்கிளில் தண்ணீரோடு வருகிறேன்" என்றார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

22. காய்ச்சல் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கொஞ்சம் வேகத்தை மட்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

14. போதும்.

பிப்ரவரி 21

சோறு, உருளைக்கிழங்கு, சோறு. ஒன்பது மணிக்குப் படுக்கை. நீலப் பலகை.

பிப்ரவரி 22, ஞாயிறு

கையெழுத்து கோணுகிறது, இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

3:05-க்குத் தெற்குவாசலில் எங்கள் தெருவிலிருந்து கிளம்பினேன். சிம்மக்கல், ஆல்பர்ட் விக்டர் பாலம், கோரிப்பாளையம். தல்லாகுளம் பெருமாள் கோயில் முன்னால் ஒரு நாய்கூட எழவில்லை. புதூரில் ஒரே ஒரு டீக்கடை. மூன்றுமாவடியில் அண்ணன் சேர்ந்துகொண்டார், கேரியரில் தண்ணீர்க் கேன். ஏழரை நிமிடத்துக்குக் கீழே போகக்கூடாது என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். கடச்சனேந்தலில் நான்கு நாய்கள். அண்ணன் சைக்கிளைக் குறுக்கே விட்டார். அதன் பிறகு தெருவிளக்கு குறைந்துவிட்டது. சைக்கிள் விளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள்ளேயே ஓடினேன். சாலையோர மண்டபங்கள் இருட்டில் வந்து வந்து போயின. சித்திரையில் அழகர் ஒவ்வொன்றிலும் இறங்கி இளைப்பாறித்தான் ஆற்றுக்குப் போகிறார். நான் மூன்றில் மட்டும் நின்றேன், உப்புத் தண்ணீருக்கு.

கோயிலை அடைந்தபோது 5:45. மலை இன்னும் கறுப்பாக இருந்தது. ஷூவைக் கழற்றினால் மறுபடி போட முடியாது என்று தெரிந்தும் கழற்றினேன். கதவின் முன் நின்றேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை. 34, மீதி 8.195, அந்தப் பெரியவர் கழற்றிக் கொடுத்தது, நான் கொடுக்காதது. வாய்விட்டுச் சொன்னேன். அண்ணன் பின்னால்தான் நின்றிருந்தார், கேட்டிருப்பார். ஷூக் கயிற்றைக் கட்ட நான் குனிய முடியாமல் நின்றபோது அவரே மண்டியிட்டுக் கட்டிவிட்டார். வழியெல்லாம் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

அப்பன்திருப்பதியில் விடிந்தது. 29-இல் வலது தொடை. 31-இல் எதையும் விழுங்க முடியவில்லை. அண்ணன் கடலைமிட்டாயை நொறுக்கி உள்ளங்கையில் வைத்தார். மூன்றுமாவடிக்குச் சற்று முன்னால் கடிகாரம் 34 காட்டியது. அங்கே ஒரு பஞ்சர் கடை, அடுத்து பூட்டிய ஒரு கடை, வாசலில் காலிப் பெட்டிகள். 34.01. 34.02. கெண்டைக்கால் இழுத்தது. நடந்தேன். ஐம்பது எண்ணிவிட்டு ஓடினேன், ஐம்பது எண்ணிவிட்டு நடந்தேன். சித்திரையில் ஊரே வந்து அழகரை எதிர்கொள்ளும் இடத்தில் இன்று பால் வண்டியும் டியூஷனுக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும்தான். 35. அந்த எண்ணை என் கால் அதுவரை பந்தயத்தில் பார்த்ததில்லை. அழுதேன். அண்ணன் சற்று முன்னால் போய்விட்டார்.

கோரிப்பாளையத்தில் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. பாலத்தின் மேல் நடந்தேன், பாலம் முழுக்க. தெருவுக்குள் நுழைந்தபோது கடிகாரத்தில் 41.7. அம்மா வாசலில் சொம்போடு நின்றார். நான் நிற்காமல் தாண்டி ஓடியதைப் பார்த்துப் பதறி, "எங்கே அய்யா போகிறாய்?" என்று கூப்பிட்டது கேட்டது. தெருமுனை வரை போய்த் திரும்பினேன். வாசற்படியில் 42.2.

5 மணி 41 நிமிடம்.

பிப்ரவரி 23

படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிகிறது. காலையில் அம்மா விளக்குகளோடு பதக்கத்தையும் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது பித்தளை இல்லை அம்மா, முலாம் போய்விடும் என்றேன்.

"போகட்டும்" என்று தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 26

தெப்பக்குளம், நான்கு சுற்று. இடது நகம் விழுந்துவிட்டது.