போர் கேட்காமலே போர் வாங்கிய பேச்சு

ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியதற்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் அமெரிக்க காங்கிரஸில் பேசியதை நேற்று மறுபடி கேட்டேன். எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம் போல்தான். ஜப்பானோடு நடந்த பேச்சுவார்த்தையை விலாவாரியாகச் சொல்லுங்கள் என்று வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் வற்புறுத்தினாராம், இவர் மசியவில்லை. விவரத்துக்குள் போனால், அதே வருடம் ஜப்பானுக்கு எண்ணெய் போகாமல் அமெரிக்கா அடைத்ததையும் யாராவது கிளறுவார்கள் இல்லையா?

போருக்குப் போகலாமா என்று அவர் கேட்கவே இல்லை. தாக்கிய நேரத்திலிருந்தே போர் நிலை வந்துவிட்டது, அதை அறிவியுங்கள் என்கிறார், அவ்வளவுதான். விவாதிக்க என்ன மிச்சம்?

அப்புறம் ஜப்பான் தாக்கிய மற்ற இடங்களின் பட்டியல். நேற்று மலாயா, நேற்றிரவு ஹாங்காங், நேற்றிரவு குவாம், நேற்றிரவு பிலிப்பைன்ஸ், நேற்றிரவு வேக் தீவு, இன்று காலை மிட்வே என்று ஒவ்வொன்றும் தனித்தனி வாக்கியமாக, நிறுத்தி நிறுத்தி வந்து விழுகிறது.

எனக்குப் பிடித்தது கைப்பிரதிதான். முதல் வரைவின் தொடக்கத்தில் ஹவாயோடு பிலிப்பைன்ஸும் இருந்தது, அதை அடித்துவிட்டார். பேர்ல் ஹார்பர் இருக்கும் ஓஹூ தீவுக்கு முன்னால் ‘அமெரிக்க’ என்று சேர்த்தார். பிலிப்பைன்ஸும் அப்போது அமெரிக்கக் கொடியின் கீழ்தான், ஒரு கோடிக்கு மேல் மக்கள். ஆனால் அயோவா விவசாயிக்கு மணிலாவுக்காகக் கோபம் வருமா? ஹவாய்கூட அன்று மாநிலம் இல்லை, அதனால்தான் அந்த ஒட்டு வேலை. கெட்டிக்காரத்தனம், ஆனால் கொஞ்சம் கசக்கிறது.

செத்தவர்கள் சுமார் 2,400 பேர் என்பதோ, எட்டுப் போர்க்கப்பல்கள் அடி வாங்கியதோ பேச்சில் இல்லை. பலத்த சேதம், ஏராளமான உயிர்கள் என்பதோடு சரி. எதிரியும் கேட்டுக்கொண்டிருப்பான் அல்லவா.

ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டெடுப்பும் முடிந்தது. செனட்டில் 82-0, பிரதிநிதிகள் சபையில் 388-1. போர் வேண்டாம் என்ற அந்த ஒரு ஓட்டு மொன்டானா மாநில உறுப்பினர் ஜெனட் ராங்கினுடையது. ஆத்திரக் கூட்டத்துக்குத் தப்பி டெலிபோன் பூத்துக்குள் புகுந்துகொள்ள வேண்டியிருந்தது அவருக்கு. 1917-ல் ஜெர்மனி மீது போர் வேண்டும் என்று அப்போதைய அதிபர் வில்சன் நீளமாக நியாயங்களை அடுக்கிப் பேசியபோதும் ராங்கின் வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போட்டார், அன்று அவரோடு சேர்த்து 50 பேர்.