ஜே-1 விசாவும் சாக்லேட் பெட்டிகளும்

வெளிநாட்டவரைப் பண்பாட்டுப் பரிமாற்றத்துக்காகத் தற்காலிகமாக அழைக்கும் அமெரிக்காவின் ஜே-1 விசா பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு 2011 ஆகஸ்ட்தான் ஞாபகம் வரும். கோடை விடுமுறையில் கொஞ்சம் வேலை, கொஞ்சம் ஊர் சுற்றல், அப்படியே ஆங்கிலமும் பழகலாம் என்று நம்பி, ஆயிரக்கணக்கில் டாலர் கட்டி வந்த கல்லூரிப் பிள்ளைகள், பென்சில்வேனியாவில் ஹெர்ஷி சாக்லேட் பொட்டலம் கட்டும் கிடங்கில் ராத்திரி ஷிஃப்டில் கனமான பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சம்பளத்தில் வாடகையைப் பிடித்தது போகக் கையில் நின்றது சொற்பம். சீனா, துருக்கி, உக்ரைன், நைஜீரியா என்று பல நாட்டுப் பிள்ளைகள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து கோஷம் போட்ட பிறகுதான் விஷயம் பெரிதாக வெடித்தது.

சரி, அரசு எங்கே போயிருந்தது? வெளியுறவுத் துறை, இந்த விசாவில் பிள்ளைகளை அழைத்து வரும் ஸ்பான்சர் அமைப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும். பிள்ளைகளை அன்றாடம் கவனிப்பது அந்த ஸ்பான்சர்களின் பொறுப்பு. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, வேலை கொடுக்கும் முதலாளியோடும் உறவு வைத்திருப்பவர், பிரச்சினை என்றால் யார் பக்கம் நிற்பார்? என் கோபமெல்லாம் இதில்தான்.

2012 தொடக்கத்தில், ஹெர்ஷி கிடங்குப் பிள்ளைகளை அழைத்து வந்த ஸ்பான்சரைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். அப்புறம் மே மாதம் வந்த புது விதிகள் கிடங்கு, தொழிற்சாலை வேலைகளையும், பெரும்பாலும் இரவு 10 முதல் காலை 6 வரை நடக்கும் வேலைகளையும் தடுத்தன. நல்ல விதிகள்தான். ஆனால் ஸ்பான்சர் அனுப்பும் அறிக்கையை மட்டும் நம்பாமல், அரசு ஆளே நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல், ராத்திரி ஷிஃப்ட் நடக்கும்போது.