கனத்த விமானிக்கு ஏர் கேம்பர்: எடையும் என்ஜினும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல் வடிவமைத்த ஏர் கேம்பர், மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய இரண்டு இருக்கை விமானம். 1929-இல் ஃபோர்டு மாடல் ஏ கார் என்ஜினுடன் பறந்த அதை இன்றும் பலர் தங்கள் வீட்டுப் பட்டறைகளில் கட்டுகிறார்கள். நூறு கிலோவைத் தாண்டிய ஒருவர் அந்த வேலையில் இறங்கும்போது, எத்தனை குதிரைத்திறன் இருந்தால் தன்னைத் தூக்கும் என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கேள்விக்கு முன்னால், அவருடைய எடை விமானத்தில் எந்த இடத்தில் அமர்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏர் கேம்பரில் விமானிக்கு உரியது பின்னிருக்கை. முன்னிருக்கை இறக்கைக்குக் கீழே, எடைமையத்துக்கு, அதாவது விமானத்தின் மொத்த எடையும் சமன்படும் புள்ளிக்கு, அருகில் இருப்பதால், பயணி ஏறினாலும் இறங்கினாலும் சமநிலை பெரிதாக மாறாது. விமானியின் உடலில் கூடும் ஒவ்வொரு கிலோவும் எடைமையத்தைப் பின்னுக்கு இழுக்கும். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை இறக்கையின் அகலம் 60 அங்குலம். அதன் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 20 அங்குலத்துக்குள் எடைமையம் நிற்க வேண்டும் என்பது கட்டுநர்கள் கடைப்பிடிக்கும் எல்லை. விமானியோடு சேர்த்து 400 கிலோ இருக்கும் விமானத்தில், எடைமையத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் 30 கிலோ கூடினால், மையம் சுமார் 7 சென்டிமீட்டர் பின்வாங்கும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். அனுமதிக்கப்பட்ட இடைவெளியே 13 சென்டிமீட்டருக்கும் குறைவு. எடைமையம் எல்லையைத் தாண்டிப் பின்னே போன விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிலையிழக்கும்; சுழன்று விழத் தொடங்கினால் மீட்பதும் அரிது.

இங்கேதான் என்ஜின் தேர்வு விமானியின் எடையோடு பிணைகிறது. மாடல் ஏ என்ஜினின் திறன் 40 குதிரைத்திறன்தான். ஆனால் ரேடியேட்டரையும் தண்ணீரையும் சேர்த்தால் அதன் எடை நூறு கிலோவைத் தாண்டுவதால், மூக்கில் இருந்தபடி பின்னிருக்கைக்கு ஈடு கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டு 65 குதிரைத்திறன் தரும் கான்டினென்டல் ஏ-65 என்ஜினைப் பொருத்தினால் திறன் கூடும். ஆனால் அதன் எடை ஏறத்தாழ 77 கிலோதான் என்பதால் மூக்கு இலேசாகி, கனத்த விமானியின் சிக்கல் இரட்டிப்பாகும். ஆகவே அந்த என்ஜினை இன்னும் முன்னே தள்ளிப் பிடிக்க நீளமான என்ஜின் மவுண்ட் (தாங்குசட்டம்) தேவைப்படுகிறது. பீட்டன்போலே 1960-களில் செவர்லே கோர்வேர் காரின் ஆறு சிலிண்டர் என்ஜினுக்கு மாறி, உடற்பகுதியையும் நீட்டினார். கனத்த விமானிக்கு நான் பரிந்துரைப்பதும் அந்த நீண்ட உடலும் கோர்வேரும்தான். கனமும் திறனும் ஒருசேரக் கிடைக்கின்றன. ஆனால் காருக்காகச் செய்த கிராங்க் ஷாஃப்ட் (என்ஜினின் சுழல்தண்டு) புரொப்பெல்லரின் சுமையைத் தாங்காமல் முறிந்த நிகழ்வுகள் உண்டு என்பதால், புரொப்பெல்லர் பக்கம் கூடுதல் பேரிங் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்.

இவற்றைவிட எளிய திருத்தம் ஒன்று இந்த வடிவமைப்பிலேயே இருக்கிறது. இறக்கை, உடலுக்கு மேலே நான்கு குறுந்தூண்களில் நிற்பதால், அவற்றைப் பின்பக்கம் சாய்த்து இறக்கையையே சில அங்குலம் பின்னே நகர்த்தலாம். பத்து சென்டிமீட்டர் நகர்த்தினால், இறக்கையின் சொந்த எடையால் ஏற்படும் இழப்புபோக ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் பயன் கிடைக்கும். தூண்களைச் சற்று உயர்த்தினால் பெரிய உடலோடு உள்ளே நுழைவதும் எளிதாகும். உடற்பகுதியை ஓரிரு அங்குலம் அகலப்படுத்துவதும் வழக்கம்தான். ஆனால் தூண்கள், சக்கரத் தாங்கிகள் ஆகியவற்றின் பொருத்துமானங்கள் எல்லாமே அதற்கேற்ப மாறும் என்பதால், மரத்தை வெட்டுவதற்கு முன்பே அதை முடிவு செய்துவிட வேண்டும்.

விமானம் உருவான பின் வாலைப் பறக்கும் நிலைக்கு உயர்த்தி, இரு சக்கரங்களுக்கும் வாலுக்கும் கீழே தராசு வைத்து, முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு அளக்கிறார்கள். அப்போது விமானியே தன் கனமான உடையோடு பின்னிருக்கையில் அமர வேண்டும்; முன்னிருக்கை காலியாக இருக்க வேண்டும். பெட்ரோல் தொட்டி மூக்குப்பக்கம் இருந்தால் அதையும் காலியாக வைத்தே அளக்க வேண்டும். பெட்ரோல் தீரத் தீர எடைமையம் பின்னேதான் நகரும் என்பதால், தரையிறங்கும் வேளையின் கணக்கே கடினமானது.