புண் ஆறுகிற அழகு

நாய்கள் காப்பகத்தில் வேலை செய்கிறேன் என்றால், "சின்ன வயசிலிருந்தே நாய்னா உயிரா?" என்று கேட்கிறார்கள். இல்லை. எங்கள் வீட்டில் நாய் வளர்த்ததே கிடையாது. பி.காம். இரண்டாம் ஆண்டில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) கணக்குக்காகத்தான் போனேன். வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை காட்ட வேண்டும். மரம் நடுகிற குழுவில் இடம் இல்லை. தாம்பரத்தைத் தாண்டி இருந்த ஒரு நாய்கள் காப்பகத்தில் இருந்தது.

முதலில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். 0, 7, 21 என்று நாள் கணக்கில் மூன்று தவணை. அப்புறம் கூண்டு கழுவுவது, மஞ்சள் போட்டு வடித்த சோற்றில் கோழிக் கழிவைப் பிசைந்து தட்டு தட்டாக வைப்பது. ஒரு மாதம் இப்படியே போனது. அந்த வேலையில் எனக்கு வெறுப்பும் இல்லை, பெரிய விருப்பமும் இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள், பல்லாவரம் பக்கத்திலிருந்து ஒரு செம்பட்டை நாயைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓட்டை. கிட்டப் போனால் அந்த ஓட்டை அசைந்தது. அத்தனையும் புழு. மழைக்காலத்தில் திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் பொரித்துவிடும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று கட்டுப்போடும் அண்ணனுக்கு உதவிக்கு ஆள் இல்லை. காஸ் துணியால் நாயின் வாயைக் கட்டிவிட்டு, "தலையை மட்டும் பிடிச்சுக்கோம்மா, புண்ணைப் பார்க்காதே" என்றார்.

நான் பார்த்தேன்.

டர்பன்டைனில் நனைத்த பஞ்சை ஓட்டைக்குள் வைத்துக் காத்திருந்தார். புழுவின் தலை சதைக்குள் புதைந்திருக்கும், மூச்சு விடுவது பின்பக்கத்தால். அந்த வழியை அடைத்தால் அது மேலே வந்தாக வேண்டும். ஒவ்வொன்றாக வந்தது. இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுகூட அறுந்து உள்ளே நிற்கக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த கவனத்தை நான் வேறு எந்த வேலையிலும் பார்த்ததில்லை. நாற்பது நிமிடம் ஆனது. நாய் நடுங்கியதே தவிர, ஒரு முறைகூடத் திமிறவில்லை. அதன் தாடை முழு நேரமும் என் உள்ளங்கையில் இருந்தது.

மறுநாள் வகுப்பில் உட்கார்ந்தால் அந்தப் புண்தான் கண்ணில் நின்றது. சாயங்காலம் நேராகக் காப்பகத்துக்குப் போனேன். அடுத்த நாளும் போனேன். உப்புநீரால் கழுவ வேண்டும். அயோடினை அப்படியே ஊற்றாமல், பால் கலக்காத லேசான டீயின் நிறம் வரும் வரை நீர்க்கச் செய்ய வேண்டும். காய்ந்த கட்டைப் பிய்க்காமல் நனைத்து எடுக்க வேண்டும். அண்ணன் ஒவ்வொன்றாக என் கைக்கு விட்டுக்கொடுத்தார். ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது, சாம்பல் நிறத்தில் கிடந்த குழியின் அடியில் பொடிப்பொடியாகச் சிவப்பு. "சிவப்பா புதுச் சதை கட்டுது பாரு, இனி பயமில்லை" என்றார். மாதுளை முத்துபோல் ஈரமாகப் பளபளத்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான விஷயங்களில் அது ஒன்று. அந்த நொடியில்தான் எனக்கு என்ன வேலை வேண்டும் என்று தெரிந்தது.

கால்நடை மருத்துவம் படிக்க வழியில்லை. பிளஸ் டூவில் நான் எடுத்தது வணிகவியல். கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் வேண்டும். அப்பா சி.ஏ.வுக்குப் பணம் சேர்த்து வைத்திருந்தார். மூன்று மாதம் வீட்டில் சரியான பேச்சில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனேன். நான் கட்டுப்போடுவதை வாசலில் நின்று பார்த்தார். திரும்பும்போது, "கை நடுங்காம பண்றியே" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும். இப்போது நாலாவது வருஷமாக அதே அறையில் சம்பளத்துக்கு வேலை. ஒரு காலையில் பதினைந்து இருபது கட்டு பிரித்துப் போடுகிறேன். மருத்துவர் வருவதற்குள் எந்தப் புண் தேறுகிறது, எது ஏமாற்றுகிறது என்று வாசனையிலேயே சொல்லப் பழகிவிட்டேன்.

அந்தச் செம்பட்டைக்கு முழுதாக ஆற ஐந்து வாரம் ஆனது. பிறகு கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியில் சின்ன வெட்டு. இதே சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்ற காலம் உண்டு. விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964-லேயே கருத்தடைதான் வழி என்று சொல்லியும், மாநகராட்சி அதற்கு வர 1996 ஆனது. அந்த முப்பது வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது.

கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2001-ல் வந்த விதி. வண்டியில் நானும் போனேன். கூண்டைத் திறந்ததும் அது இரண்டு நொடி மோந்து பார்த்தது, அப்புறம் நேராகத் தெருமுனை டீக்கடைக்கு ஓடியது. கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு, "எங்கடா போயிருந்தே இத்தனை நாளா?" என்று பாட்டிலைத் திறந்து ஒரு பொறையை எடுத்தார்.