பாக்ஸ்ப்ரோவிலிருந்து ஆக்சஸுக்கு: தேக்கா நாட்குறிப்பு

5 ஜூலை 2025, சனிக்கிழமை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டியுள்ள ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையின் கணக்கு மென்பொருளை விஷுவல் பாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளத்துக்கு மாற்றும் வேலையை எடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன் முடிய வேண்டும். நாள்காட்டியில் தீபாவளி அக்டோபர் 20, ஆனால் உணவகங்களுக்குப் பருப்பும் புளியும் எண்ணெயும் அனுப்புகிற கடைக்கு ஆகஸ்ட் கடைசியிலேயே தீபாவளி தொடங்கிவிடும். நடப்பதை அவ்வப்போது இங்கே எழுதி வைக்கிறேன், இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

ஏன் இன்னும் மேசைக் கணினி மென்பொருள், மாத வாடகைக்கு இணையத்திலேயே கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கடையில் மூன்று கணினிகள், ஒரே கூரை, இன்வாய்ஸும் டெலிவரி ஆர்டரும் காகிதத்தில்தான் போகின்றன, முதலாளிக்குத் தன் வாடிக்கையாளர் பட்டியல் தன் கடைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆக்சஸ் அடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறார்கள். இந்த அளவுக்கு ஆக்சஸ் சரியான கருவி என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது என்பது அதன் எல்லை, இந்தக் கடையின் மொத்தத் தரவும் அதில் ஒரு மூலைக்குக்கூட வராது.

இன்று காலை சந்தையும் உணவுக்கடைகளும் உள்ள தேக்கா நிலையத்தில் வழக்கமான கூட்டாளிகளைப் பார்த்தேன். டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் காலத்திலிருந்து நிரல் எழுதும் அண்ணன் ஒருவர், தமிழ்க் கற்பித்தல் மென்பொருள்களில் வேலை செய்த அக்கா ஒருவர், கிளினிக்குகளுக்கு ஃபைல்மேக்கர் என்ற தரவுத்தள மென்பொருளிலும் ஆக்சஸிலும் கணக்குகள் செய்து கொடுக்கும் சீன நண்பர் ஒருவர். நான்கு பேருமே தனித்தனியாகத் தொழில் செய்கிறோம், அலுவலகத்தில் பக்கத்து மேசையைத் தட்டிக் கேட்கிற வசதி எங்களுக்குக் கிடையாது. அதனால் இந்தச் சந்திப்பு எனக்கு முக்கியம். பாக்ஸ்ப்ரோ என்றதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, தரவு டேபிளை இழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டு" என்றார்.

9 ஜூலை 2025, புதன்

அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். பாக்ஸ்ப்ரோவின் கதையைக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது, 1992ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, அதே ஆண்டுதான் ஆக்சஸின் முதல் பதிப்பும் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். 2007ல் இனி அடுத்த பதிப்பு கிடையாது என்று அறிவித்தார்கள், 2015 ஜனவரியோடு ஒன்பதாம் பதிப்புக்கான ஆதரவும் நின்றது. ஆனாலும் பாக்ஸ்ப்ரோவில் எழுதிய கணக்குகள் இந்த ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர் எழுதிக் கொடுத்ததே சிலது ஓடுகிறதாம், அதைச் சொல்லும்போது முகத்தில் பெருமை தெரிந்தது. நியாயமான பெருமை.

அப்புறம் வாடிக்கையாளர் டிபிஎஃப் கோப்பின் (பாக்ஸ்ப்ரோ டேபிளை வைத்திருக்கும் கோப்பு) ஒரு நகலை எடுத்து, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டையும் விரலால் காட்டினார். பெரும்பாலும் அது வெறும் இடைவெளி. நடுநடுவே ஒரு நட்சத்திரக் குறி. "இந்த நட்சத்திரம் போட்டவன் எல்லாம் அழிக்கப்பட்டவன், ஆனால் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறான்" என்றார். பாக்ஸ்ப்ரோவில் டெலீட் கொடுத்தால் பதிவின் மேல் குறி மட்டும்தான் விழும், பேக் கட்டளை கொடுத்தால்தான் உண்மையில் நீங்கும். திரையில் தெரியாமல் இருப்பது செட் டெலீட்டட் ஆன் என்ற ஒரு வரியால். டிபிஎஃப் படிக்கிற கருவிகள் சில இந்தக் குறியைக் கண்டுகொள்வதே இல்லை, அவற்றை வைத்து இறக்குமதி செய்தால் என்றைக்கோ மூடிய உணவகமெல்லாம் புதிய பட்டியலில் எழுந்து நிற்கும், பாக்கித் தொகையோடு.

நட்சத்திரம் போட்டவற்றைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், தனி டேபிளில் வை, கணக்குப் பார்க்கும் அம்மா ஒரு தடவை பார்க்கட்டும் என்றார். நல்ல யோசனை. அதில் இரண்டு பெயர்களைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு, இன்னும் கொடுக்க வேண்டிய கிரெடிட் நோட் (வாடிக்கையாளர் கணக்கில் தொகையைக் கழித்துக் கொடுக்கும் சீட்டு) நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் சொன்னார்: பாக்ஸ்ப்ரோ கோப்பை ஆக்சஸ் படிக்க உதவும் டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான் உண்டு, கடையில் இருப்பது 64 பிட் ஆஃபிஸ், அது அந்த டிரைவரைப் பார்க்கவே பார்க்காது. அதனால் இறக்குமதிக்கு மட்டும் 32 பிட் ஆஃபிஸ் உள்ள ஒரு பழைய மடிக்கணினி.

12 ஜூலை 2025, சனிக்கிழமை

இன்றைய பேச்சு முழுக்கப் பொருள் சேவை வரி. பழைய நிரலில் வரி விகிதம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது, இன்வாய்ஸ் ஓரிடம், கிரெடிட் நோட் ஓரிடம், மாத அறிக்கை வேறோர் இடம். விகிதம் மாறும் ஒவ்வொரு தடவையும் யாரோ வந்து எல்லா இடத்திலும் மாற்றியிருக்கிறார்கள். விளைவு என்னவென்றால், 2022ல் 7 விழுக்காட்டில் போட்ட இன்வாய்ஸை இன்று மறுபடி அச்சடித்தால் 9 விழுக்காட்டில் வருகிறது. வரிக்குப் பதிவு செய்த வணிகம் ஐந்து ஆண்டுகளாவது ஆவணங்களை வைத்திருக்க வேண்டும், அப்படியானால் இந்தக் கடைக்கு இன்றைக்கு 7, 8, 9 மூன்றுமே உயிரோடு இருக்கிற விகிதங்கள்.

செய்ய வேண்டியது ஒரு சின்ன டேபிள், இரண்டே பத்தி. எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு. 1994 ஏப்ரல் 1 முதல் 3, 2003 ஜனவரியில் 4, 2004 ஜனவரியில் 5, 2007 ஜூலையில் 7, 2023 ஜனவரியில் 8, 2024 ஜனவரியில் 9. இன்வாய்ஸ் தேதிக்குச் சமமாகவோ முந்தியோ உள்ள வரிசைகளில் கடைசியானதை எடுத்தால் விகிதம் கிடைத்துவிடும். நாளை மாறினால் கடைக்காரரே ஒரு வரிசை சேர்த்துக்கொள்ளலாம், என்னைக் கூப்பிட வேண்டியதில்லை.

இதில் அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஒரு வாதம் வந்தது. தேதி இருக்கிறது, டேபிள் இருக்கிறது, விகிதத்தை மறுபடி இன்வாய்ஸில் எழுதி வைப்பது தேவையில்லாத நகல் என்பது அக்காவின் பக்கம். 1970ல் எட்கர் காட் என்ற கணினி அறிஞர் தரவுத்தளம் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து எல்லோரும் சொல்வது அதுதானே, ஒரே செய்தி இரண்டு இடத்தில் இருந்தால் ஒருநாள் இரண்டும் முரண்படும். அண்ணன் ஒப்பவில்லை. "இன்வாய்ஸ் என்பது அன்றைக்கு நடந்த காரியம்மா, யாராவது விகித டேபிளில் கை வைத்தால் நடந்தது மாறக்கூடாது" என்றார்.

நான் அண்ணன் பக்கம். விகிதத்தை டேபிளிலிருந்து எடுத்து, இன்வாய்ஸ் உறுதியாகும் நேரத்தில் அதிலேயே பதிந்துவிடப் போகிறேன், விலையும் அப்படித்தான். இன்றைய உளுந்து விலை வேறு, அன்று இந்த உணவகத்துக்கு விற்ற விலை வேறு, அவை ஒரே செய்தியின் இரண்டு நகல் அல்ல. ஆனால் அக்கா கேட்டிருக்காவிட்டால் இதை நான் இவ்வளவு தெளிவாக யோசித்திருக்க மாட்டேன்.

மத்திய சேம நிதியும் (ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் சந்தா கட்டும் சேமிப்பு) இதே கதைதான் என்றார் சீன நண்பர். சந்தா கணக்கிடும் மாதச் சம்பள உச்சவரம்பு 2023 செப்டம்பரில் 6,000 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 6,300 ஆனது, 2024ல் 6,800, 2025ல் 7,400, 2026 ஜனவரியில் 8,000. சம்பளக் கணக்கில் இந்த எண்ணை நிரலுக்குள் எழுதியவர்கள் எல்லோரும் ஆண்டு தவறாமல் நிரலைத் திறந்துகொண்டிருக்கிறார்கள்.

மாறக்கூடியது எதுவோ அது டேபிளுக்குப் போகட்டும். இந்த வேலை முழுவதற்கும் இதை விதியாக வைத்துக்கொள்கிறேன்.

17 ஜூலை 2025, வியாழன்

கணக்குப் பார்க்கும் அம்மாவோடு உட்கார்ந்து சோதனை இன்வாய்ஸ்கள் போட்டோம். 12.50 வெள்ளிக்கு 9 விழுக்காடு 1.125. ஆக்சஸுக்குள் நிரல் எழுதும் மொழியான விபிஏவில், தசமத்தைச் சுருக்கும் ரவுண்ட் ஃபங்ஷன் இதை 1.12 ஆக்கும், ஏனென்றால் சரிபாதி வந்தால் அது பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். அம்மாவின் கால்குலேட்டர் 1.13 சொல்லும். கடைக்கு வேண்டியது 1.13. அரைக் காசை மேலே தள்ளும் சின்ன ஃபங்ஷன் ஒன்று எழுதி, பணம் வரும் எல்லா இடத்திலும் கரன்சி என்ற தரவு வகையையே வைத்தேன். அது நான்கு தசம இடம் வரை துல்லியமாக நிற்கும், டபுள் என்ற தசம எண் வகை மாதிரி வால் நீளாது.

வாடிக்கையாளர் டேபிளில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இருந்ததை ஒரே பெயர்ப் பத்தியாக்கினேன். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்து வைத்தால் நம் ஆட்களின் இன்வாய்ஸெல்லாம் அப்பாவுக்குத்தான் போகும். கடன் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை எண் பத்தியையும் எடுத்தாயிற்று. சட்டப்படி தேவை இருந்தாலொழிய, அல்லது ஒருவரை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலொழிய, அதைக் கேட்டு வாங்கக் கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் இங்கே நடைமுறை. மளிகைக் கடனுக்கு அது தேவையில்லை.

22 ஜூலை 2025, செவ்வாய்

ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்குச் சாமான் பெயரும் எச்சரிக்கைச் செய்திகளும் தமிழில் வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான். மாலை அக்கா வீட்டுக்குப் போனேன், ஈசூனில், வடையும் தேநீரும் கொடுத்துவிட்டு மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார்.

ஆக்சஸ் டேபிளுக்கு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) நன்றாகத் தெரியும், ஆக்சஸ் 2000லிருந்தே தெரியும். படிவத்திலும் அறிக்கையிலும் தமிழ் ஒழுங்காக வருகிறது. ஆனால் விபிஏ எடிட்டருக்குத் தெரியாது, அதில் தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும், மெசேஜ் பாக்ஸிலும் அதேதான். அக்காவின் வழி: செய்திகள் எல்லாம் ஒரு டேபிளில், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு பத்தியில் தமிழ், ஒரு பத்தியில் ஆங்கிலம். நிரலில் எண் மட்டும்தான் இருக்கும். காட்டுவதற்கு மெசேஜ் பாக்ஸுக்குப் பதிலாக நாமே செய்த ஒரு சின்னப் படிவம். 'இருப்பு போதவில்லை' என்பதை 'சரக்கு பத்தாது' என்று மாற்ற ஸ்டோர் ஆள் விரும்பினால் டேபிளிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் கோதுமையில் இருந்தது. சாமான் பட்டியலைச் சரிபார்ப்பதற்காக எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் போட்டு வைத்திருந்தேன், அதில் 'கோதுமை மாவு' இரண்டு தடவை வந்தது, திரையில் எழுத்துக்கு எழுத்து ஒன்று, தேடினால் ஒன்றுதான் கிடைக்கிறது. அக்கா பார்த்த உடனேயே "நீளத்தைக் கேளு" என்றார். 'கோ' என்ற எழுத்து ஒன்றில் இரண்டு குறியீடுகள், மற்றதில் மூன்று. ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், யூனிகோடு இரண்டையும் ஏற்கும். எஸ்கியூலைட் வழக்கமாகப் பைட் பைட்டாக ஒப்பிடுவது, அதற்கு இவை இரண்டும் வேறு வேறு சாமான். ஒரு பட்டியல் கைப்பேசியில் தட்டச்சு செய்தது, மற்றது பழைய எழுத்துருவிலிருந்து கருவி வைத்து மாற்றியது. ஒகர, ஓகார, ஔகார வரிசைகளில் எல்லாம் இது நடக்கலாம், கொத்தமல்லி, சோம்பு, சோளம் என்று தேடிப் போனால் கிடைத்துக்கொண்டே இருந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் சேமிக்கும் முன் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், விண்டோஸிலேயே அதற்கான வசதி இருக்கிறது, அக்கா அதற்காகத் தான் எழுதிய நிரல் பகுதியை அப்படியே கொடுத்தார்.

கிளம்பும்போது நா. கோவிந்தசாமியைப் பற்றிப் பேச்சு வந்தது. தேசியக் கல்விக் கழகத்தில் இருந்துகொண்டு, 1990களில் கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கித் தமிழை இணையத்தில் ஏற்றியவர், 1999ல் போய்விட்டார். அவர் மாதிரி ஆட்கள் இந்த ஊரில் போட்ட பாதையில்தான் இன்றைக்கு ஒரு மளிகைக் கடையின் ஸ்டோரில் 'சரக்கு பத்தாது' என்று திரையில் வருகிறது.

26 ஜூலை 2025, சனிக்கிழமை

சீன நண்பர் கடைக்கு வந்து நெட்வொர்க்கைப் பார்த்தார். டேபிள்கள் ஒரு கோப்பு, படிவங்களும் நிரலும் இன்னொரு கோப்பு என்று பிரித்து, டேபிள் கோப்பைப் பொதுக் கணினியிலும் மற்றதன் நகலை ஒவ்வொரு கணினியிலும் வைத்திருந்தேன், அது சரி என்றார். ஸ்டோர் கணினி வைஃபையில் இருப்பது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது தொடர்பு ஒரு நொடி அறுந்தால் ஆக்சஸ் கோப்பு கெட்டுப்போகலாம். கேபிள் இழுத்தாயிற்று, அலமாரிக்குப் பின்னால் அரிசி மூட்டைகளை நகர்த்தி, எலெக்ட்ரீஷியன் அரை நாள் வேலை.

இன்னொரு நுணுக்கமும் சொல்லிக் கொடுத்தார். மென்பொருள் திறந்ததும் டேபிள் கோப்பில் ஏதாவது ஒரு சின்ன டேபிளைத் திறந்து, மூடும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படிவத்துக்கும், யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்து வைக்கும் பூட்டுக் கோப்பு உருவாவதும் அழிவதுமாக நேரம் போகும். செய்து பார்த்தோம், இன்வாய்ஸ் படிவம் தட்டியதும் திறக்கிறது. அவர் இதை வேறொருவரிடம் கற்றுக்கொண்டாராம். இந்த மாதிரி விஷயம் கையேட்டைப் படித்து வருவதில்லை, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்துதான் பரவுகிறது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

2 ஆகஸ்ட் 2025, சனிக்கிழமை

தரவு முழுக்க ஏறிவிட்டது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் பாக்கியும் பழையதோடு பொருந்துகிறது, அறிக்கைகளில் மாத விற்பனை அறிக்கை மட்டும் இன்னும் முடியவில்லை. டேபிள்களின் விளக்கத்தை, எந்தப் பத்தி எதற்கு என்று, கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கச் சொன்னார் அண்ணன். நாளைக்கு வேறொருவர் வந்து திறந்தாலும் என்னைத் தேடாமல் வேலையைத் தொடர வேண்டுமாம். பாதி எழுதிவிட்டேன்.

திங்களன்று இரண்டு கணக்கும் ஒருசேர ஓடும். பழையதில் போட்ட இன்வாய்ஸையும் புதியதில் போட்டதையும் அம்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், மாதக் கடைசி வரைக்கும். ஒப்பிடுவதற்கு முதல் நாள் தானும் வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார், 7 விழுக்காட்டு இன்வாய்ஸ் ஒன்றை மறுபடி அச்சடித்து அவர் கையில் கொடுக்க வேண்டும்.