ஐடிலில் ஊஞ்சலாடிய இன்ஜின்: கணக்கில் வராத காற்றைப் பிடித்த வரிசை

த்ராட்டிலை (காற்றுப் பாதையைத் திறந்து மூடும் தட்டு) கேபிள் இழுக்கும் பழைய பெட்ரோல் கார், 1.6 லிட்டர், நாலு சிலிண்டர். உள்ளே போகும் காற்றை ஹாட் வயர் ஏர்ஃப்ளோ சென்சார் அளக்கிறது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் குறையே தெரியாது. சூடேறிய பிறகு ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, ஆர்பிஎம் 900க்கும் 1800க்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. ஏசி போட்டால் ஆட்டம் நின்று 1200 பக்கம் உட்கார்ந்துவிடும்.

இந்த ஏசி விஷயம்தான் முதல் துப்பு. த்ராட்டில் மூடியிருக்கும்போது ஆர்பிஎம் ஒரு வரம்பைத் தாண்டினால், வண்டி கியரில் உருண்டு வேகம் குறைகிறது என்று இசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) எடுத்துக்கொண்டு பெட்ரோலை நிறுத்திவிடும். ஆர்பிஎம் விழும், பெட்ரோல் திரும்ப வரும், அதிகப்படி காற்று அதை மறுபடி மேலே தூக்கும். ஏசி பளு சேர்ந்தால் ஆர்பிஎம் அந்த வரம்பை எட்டாது, ஆட்டமும் இராது. குளிரில் அந்த வரம்பு உயரமாக இருக்கும். இன்ஜினுக்கும் அப்போது கூடுதல் காற்று வேண்டும். அதனால்தான் காலையில் குறை ஒளிந்துகொள்கிறது. ஆக, தேட வேண்டியது மிஸ் அடிப்பதை அல்ல, மிச்சமாக வரும் காற்றை. பிளக், காயில் பக்கம் கை வைக்கவே இல்லை.

ஸ்கேனரில் பி 0171, பி 0507 என்ற இரண்டு குறைக் குறியீடுகள் (கோட்) இருந்தன. முதலாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது, இரண்டாவது ஐடில் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பது. குறியீடுகளை அங்கேயே விட்டுவிட்டு, சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் எண்களான லைவ் டேட்டாவுக்குப் போனோம். கூலன்ட் 88 டிகிரி, அது சரி. கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார் பொய்யாகக் குளிர் என்று சொன்னாலும் ஐடில் ஏறும் என்பதால் இதை முதலில் கழித்துவிட வேண்டும். ஐடில் கன்ட்ரோல் வால்வு ஏறக்குறைய முழுக்க மூடிய நிலையில் இருந்தது. இசியூ காற்றை மூடப் பார்க்கிறது, முடியவில்லை. அப்படியானால் காற்று வேறு வழியாக வருகிறது.

அடுத்து ஃப்யூயல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிசெய்ய இசியூ பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம். ஆட்டத்தின் நடுவே ட்ரிம்மைப் படிக்க முடியாது. ஏசியைப் போட்டு ஆர்பிஎம்மை நிலைநிறுத்தியபின் ஷார்ட் (உடனடித் திருத்தம்), லாங் (கற்றுவைத்த திருத்தம்) இரண்டையும் கூட்டிப் பார்த்தால் +22. ஆக்சிலேட்டரை மிதித்து 2500இல் பிடித்தால் +5. ஓட்டை வழியாக வரும் காற்றின் அளவு பெரிதாக மாறாது. ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அங்கே அது பெரிய பங்கு, 2500இல் சின்னப் பங்கு. இதற்கு நேர்மாறாக ஐடிலில் நன்றாக இருந்து ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால், வாக்கம் லீக்கை (ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுபடுவதை) விட்டுவிட்டு ஃப்யூயல் பிரஷரையும் அழுக்கடைந்த ஏர்ஃப்ளோ சென்சாரையும் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்குத்தான். மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாயின்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டியில், ஓட்டை வழி வரும் காற்றும் அழுத்தத்தில் தெரிந்துவிடும். இசியூ அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடும். ட்ரிம் சாதாரணமாகக் காட்டும், ஐடில் மட்டும் உயரும். ட்ரிம் நன்றாக இருக்கிறதே, லீக் இல்லை என்று முடிவு கட்டி ஐடில் வால்வை மாற்றிப் பணத்தைத் தொலைப்பது இப்படித்தான். மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வாக்கம் கேஜ் இரண்டு வகைக்கும் பொது: கடல் மட்டத்தில், சூடான இன்ஜின் ஐடிலில் 17 முதல் 22 அங்குலம் (பாதரசம்) அசையாமல் நிற்க வேண்டும். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் கழித்துக்கொள்ளலாம். முள் ஒரே இடத்தில் தாழ்ந்து நின்றால் லீக் அல்லது பின்தங்கிய இக்னிஷன் டைமிங். சீரான இடைவெளியில் சொடுக்கினால் சிலிண்டர் வால்வு பக்கம் சந்தேகம்.

ஓட்டையைத் தேட, தெளித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் ஸ்ப்ரே கேனை உடனே எடுக்க வேண்டாம். தீப்பிடிக்கும் திரவம், பக்கத்திலேயே பழுக்கச் சூடான எக்ஸாஸ்ட். மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்ப்பது வேகமும் பத்திரமும். இடுக்கி வாயில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், காய்ந்த ரப்பர் அழுத்தியதுமே வெடித்துவிடும். பிரேக் பூஸ்டர் ஹோஸை நெரித்தோம், மாற்றம் இல்லை. பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு ஹோஸ், அதிலும் இல்லை. இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பிசிவி ஹோஸை நெரித்ததும் ஊஞ்சல் நின்றது. நல்ல வண்டியிலும் பிசிவியை நெரித்தால் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கும், ஏனென்றால் அது வழக்கமான பாதைதான். கொஞ்சம் இறங்குவதும் ஆட்டமே அடங்குவதும் வேறு வேறு.

பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வந்தது, அது நல்லது. கிழிசல் மேனிஃபோல்டுக்கு அடியில் இருந்த எல்போவில் (வளைந்த ரப்பர் குழாயில்). இரண்டு பத்தாண்டு எண்ணெய் ஆவியில் ரப்பர் அல்வா மாதிரி ஆகி, கீழ்ப்பக்கம் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் புத்தம் புதுசு மாதிரி தெரியும்; கண்ணாடி வைத்தோ கையால் தடவியோதான் பிடிபடும். கூலன்ட் ஹோஸை வெட்டிப் போட்டு ஒப்பேற்றினால், எண்ணெய் பட்டு ஊறி உப்பிவிடும். எண்ணெய் தாங்கும் ரப்பராக, வளைவு வார்த்து வந்த எல்போவாகவே வாங்க வேண்டும். நேர் ஹோஸை வளைத்தால் வாக்கத்தில் சப்பிக்கொள்ளும்.

ஹோஸ்களில் ஒன்றும் கிடைக்காதிருந்தால் அடுத்தது புகையை உள்ளே செலுத்தி அது எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட், இன்ஜினை நிறுத்திவிட்டு, 1 பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்தில். அதற்கு மேல் கொடுத்தால் நல்ல சீல்களும் போய்விடும். ஏர்ஃப்ளோ சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் பெல்லோஸை மட்டும் எப்படியும் மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். இன்ஜின் முறுக்கிக்கொள்ளும்போது மட்டும் வாய் திறக்கும் கீறல், நின்றிருக்கும் வண்டியில் தெரியாது. முன்னால் ஓட்டினால் திணறல், ரிவர்ஸில் சுகம் என்றால் பெரும்பாலும் அதுவே. ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்லி யாராவது சொல்வார்கள். ஐடிலில் தடை போடுவதே த்ராட்டில் தட்டுதான், அழுக்கு ஃபில்டர் அங்கே பெரிதாக ஒன்றும் செய்யாது.

புது எல்போ போட்டதும் ஆட்டம் போயிற்று, ட்ரிம் இறங்கிற்று. ஆனால் ஐடில் 1250இல் நின்றது. இரண்டாவது குறை இருக்கிறது என்று பொருள், அது மனிதர் கை வைத்த குறை. த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவின் மேல் இருந்த பெயிண்ட் முத்திரை உடைந்திருந்தது. த்ராட்டில் பொசிஷன் சென்சார் மூடிய நிலையில் சுமார் 0.5 வோல்ட் காட்ட வேண்டியது 0.78 காட்டியது. முன்பு கரி படிந்து ஐடில் தாழ்ந்தபோது, சுத்தம் செய்வதற்குப் பதில் யாரோ ஸ்க்ரூவை முறுக்கித் தட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் கரி. க்ளீனரை உள்ளே ஊற்றாமல் துணியில் நனைத்து, தட்டின் இரு முகத்தையும் விளிம்பு உட்காரும் வளையத்தையும் துடைக்க வேண்டும். சில த்ராட்டில் பாடிகளில் அந்த வளையத்தில் கம்பெனியே பூசிய கருஞ்சாம்பல் பூச்சு இருக்கும், அதைக் கரி என்று சுரண்டினால் காற்று கசியும். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது தட்டை விரலால் தள்ளக் கூடாது. உள்ளே இருக்கும் கியர் பல்லும் போகும், விரலும் போகும். பிறகு ஸ்க்ரூவைத் தளர்த்தி, தட்டு துளைச்சுவரில் உரசிச் சிக்கிக்கொள்ளாத அளவுக்கு மட்டும் திரும்ப முறுக்கினோம். ஆக்சிலேட்டர் கேபிளில் சற்றே தளர்வு இருக்கிறதா என்று பார்த்தபின் சென்சாரைத் தளர்த்தி 0.5இல் வைத்துப் பூட்டினோம். மிதிக்க மிதிக்க வோல்டேஜ் துள்ளாமல் 4.5 பக்கம் ஏற வேண்டும்.

ஐடில் வால்வையும் கழற்றியாயிற்று, சும்மா விடுவானேன். ஸ்டெப்பர் மோட்டார் வகையில் முனையைக் கையால் இழுக்கவோ அழுத்தவோ வேண்டாம், உள்ளே திருகுமரை நைந்துவிடும். ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பிக்கு அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும். த்ராட்டில் க்ளீனர் அதைக் கெடுத்துவிடக்கூடும், காது குடையும் பஞ்சு கம்பியையே அறுக்கும்.

ஐடில் வால்வு வழியாகக் கூலன்ட் ஓடும் வண்டி இது. அந்த ஹோஸைக் கழற்றினால் உள்ளே காற்றுக் குமிழி சிக்கும். குமிழி இருந்தால் வால்வு சூடாவதும் ஆறுவதுமாக இருந்து, அதே ஊஞ்சல் திரும்ப வரும். சரி செய்த வேலையையே சந்தேகிக்க வைக்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி, ஆறியபின் கூலன்டை நிரப்பினோம்.

கடைசியாக இசியூவின் பழைய நினைவு. குறைக் குறியீடுகளை அழித்து, பேட்டரி நெகட்டிவைப் பத்து நிமிடம் கழற்றி வைத்தோம். ரேடியோவுக்கு லாக் கோட் இருந்தால் முன்னதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பளுவும் இல்லாமல் சூடேறும்வரை ஐடில், பிறகு லைட், பிறகு ஏசி. ஐடில் 780, ஏசியில் 850, வாக்கம் 19 அங்குலம், ஏர்ஃப்ளோ விநாடிக்கு 2 கிராமுக்குப் பக்கம், ட்ரிம் +2. ஷார்ட் ட்ரிம் அன்றே நல்லதாகத் தெரியும். லாங் ட்ரிம் நிலைபெற இரண்டு மூன்று நாள் ஓட்டம் வேண்டும், அதற்குள் எமிஷன் டெஸ்டுக்குக் கொண்டுபோனால், இசியூவின் சுயசோதனைகளை (மானிட்டர்) பார்க்கும் இடங்களில் அவை தயாரில்லை என்று திருப்பி அனுப்பக்கூடும்.